அந்தோனியார் காலடியில் வைத்த பை

பீலெஃபெல்ட்
11 யூன் 2025, புதன்

அன்பின் தங்கச்சி பிளோறன்சுக்கு,

நீ இந்நேரம் ஹம்பேர்க்கில் இறங்கி, உன் பள்ளித்தோழி சிவசக்தி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பாய். காலையில் ரயில் நிலையத்தில் நான் உன்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் கத்தியிருப்பேன். தொலைபேசியும் வேண்டாம். நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், உன் மச்சாள் வெரோனிக்கா நடுவில் நின்று செபமாலை உருட்டுவாள். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கரின் மாத இதழுக்குப் பதினைந்து வருடமாகத் தட்டச்சு செய்த கை இது, எனக்கு எழுதுவது சுலபம், சிவசக்தியின் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். நீ கையால் எழுது. சிவசக்தி அதைப் படம் பிடித்து என் மின்னஞ்சலுக்கு அனுப்பட்டும்.

"நாப்பது வருசமா நீங்கள் இஞ்ச வாழேல்ல அண்ணை, ஒளிச்சிருக்கிறியள்" என்று நேற்றுச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாய். பத்து நாள் உன்னைத் தனியே வெளியில் விடவில்லை என்பதற்காக அந்தச் சொல். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை.

ஆனால் உன்னை இந்த நாட்டுக்கு அழைத்தவன் நான். நகராட்சியில் டெர்மின் என்று சந்திப்பு நேரம் எடுத்து, காத்திருந்து, இவள் விசா முடிய முன்னர் திரும்பிப் போய்விடுவாள், போகாவிட்டால் நான் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஹம்பேர்க் உலகம் முழுவதும் வந்து பார்க்கிற பட்டினம். பார்க்க வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆட்களும் அங்கே உண்டு. நகரும் படியில் முன்னால் போகிறவன் திடீரென்று நின்றால், உடனே பின்னால் நிற்பவனைப் பார். உடுப்பில் எதையாவது கொட்டிவிட்டுத் துடைக்க வருகிறவனைத் துடைக்க விடாதே. அட்டையோடு வந்து கையெழுத்துக் கேட்கிற பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடாதே. உனக்கு எந்தக் கடதாசியைக் கண்டாலும் கையெழுத்துப் போடுகிற ஆசை உண்டு, முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த பழக்கம். தெரியாத தெருவிலும் தெரிந்தவள் போல நட.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மண்ணிறப் பை. கடவுச்சீட்டு, விமானச் சீட்டு, காப்புறுதி, என் பொறுப்புக் கடிதம், உன் மகள் கவிசாவின் ஸ்கான் அறிக்கை, கைத்தொலைபேசி, காசு எல்லாவற்றையும் அதற்குள் வைத்து நானே உன் கழுத்தில் மாட்டிவிட்டேன். உடுப்புக்கு உள்ளே போடச் சொன்னேன். எல்லாக் கடதாசியும் ஒரே பையில், பை எப்போதும் உடம்பில். அகதிகளாக இருந்த காலத்தில் எங்களை மூன்று தடவை சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாற்றினார்கள். கடதாசியை அலுமாரியில் வைத்தவன் அழுதான், கழுத்தில் கட்டியிருந்தவன் பஸ்ஸில் ஏறிப் போனான்.

கடைசியாக ஒன்று. எது நடந்தாலும் நீயாகப் பொலிசிடம் போகாதே. அவர்கள் கேட்டால் மட்டும் பதில், கேட்டதற்கு மட்டும் பதில்.

22ஆம் திகதி விமானம். 24ஆம் திகதி விசா முடிகிறது. இரண்டையும் மறக்காதே.

அண்ணன்
கிறிஸ்தோப்பர்


ஹம்பேர்க்
12 யூன் 2025, வியாழன்

அன்பின் அண்ணைக்கு,

ஹம்பேர்க்கில் களவு நடந்துவிட்டது. பதறாதீர்கள். படகுத்துறையில் மீன் வைத்த பண் ஒன்று வாங்கி வாயில் வைக்கப் போனேன். ஒரு கடற்காகம் பின்னாலிருந்து வந்து மீனை மட்டும் உருவிக்கொண்டு போய்விட்டது, பண் என் கையில் இருந்தது. மன்னாரில் பிறந்தவளிடம் மீன் பறித்த முதல் காகம் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் சட்டதிட்டத்தில் காகத்தைப் பற்றி ஒன்றும் இல்லையே.

மற்றச் சட்டங்களைக் கைக்கொண்டேன். ஆற்றுக்கு அடியில் போகிற பழைய சுரங்கத்தில் அந்தக் கரை வரைக்கும் நடந்து திரும்பினேன். செங்கல் பண்டகசாலைகளுக்கு நடுவே படகில் போனேன். ஒரு வெள்ளைக்கார அம்மா என்னிடம் வழி கேட்டாள். நீங்கள் சொன்னபடி தெரிந்தவள் போல நடந்ததன் பலன். கையைக் காட்டி ஒரு பக்கம் அனுப்பிவிட்டேன், பாவம், எங்கே போய்ச் சேர்ந்தாளோ.

நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கமாட்டேன். பத்து நாளும் யன்னல் சீலையை விலக்க விடவில்லை. சந்தையில் தமிழில் சத்தமாகப் பேசினேன் என்று என் கையைக் கிள்ளினீர்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் இந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தேன், தஞ்சம் கேட்டு வரவில்லை. இரண்டுக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பை கழுத்தில்தான் இருக்கிறது. உடுப்புக்கு உள்ளே போட்டால் ஆறு மாதக் கர்ப்பிணி போலத் தெரிகிறேன். நம் குடும்பத்தில் இப்போதைக்கு ஒரு கர்ப்பிணி போதும். கவிசாவுக்கு 26ஆம் திகதி ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுப்பது என்று உறுதியாகிவிட்டது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு தங்கிய பிள்ளை. "அம்மா, நீங்கள் கதவுக்கு வெளியில நிண்டால்தான் நான் உள்ளுக்குப் போவன்" என்று நேற்றும் சொன்னாள். 22ஐயும் 24ஐயும் நீங்கள் நினைவில் வையுங்கள். எனக்கு 26 மட்டும் போதும்.

நாளைக்கு அந்தோனியார் திருநாள். ஊரில் இருந்தால் விடியவே கோயிலில் நின்றிருப்பேன். இங்கே நிலையத்துப் பக்கம் ஒரு கோயிலில் அவருடைய சுருபம் இருக்கிறதாம், போய்வருகிறேன்.

தங்கச்சி
பிளோறன்ஸ்


ஹம்பேர்க்
13 யூன் 2025, வெள்ளி

அண்ணை,

பை போய்விட்டது. இது காகக் கதை இல்லை.

கோயிலுக்குள் ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள். வலது பக்கம் அந்தோனியார் சுருபம், அதன் முன்னால் இரண்டு கற்படிகள். கவிசாவின் ஸ்கான் அறிக்கையை அவர் காலடியில் வைப்பதாக நேர்ந்திருந்தேன். அறிக்கையை எடுப்பதற்காகப் பையைக் கழற்றினேன். பயணமும் நல்லபடி முடியட்டும் என்று பிறகு பையையே படியில் வைத்துவிட்டேன். ஊரில் சோதனைச் சீட்டையும் வேலைக்கு வந்த கடிதத்தையும் விசாக் கடதாசியையும் அப்படித்தானே வைக்கிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலில் நின்று, இரண்டு கையையும் விரித்து மூன்று தடவை பரலோக மந்திரம் சொன்னேன். கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது படி வெறுமையாக இருந்தது. செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று ஊரே கும்பிடுகிற புனிதரின் காலடியில், அவருடைய திருநாளில், என் பை தொலைந்துவிட்டது. யாரிடம் போய் இதைச் சொல்ல?

வெளியில் ஓடினேன். தெரு முழுக்கச் சனம், எல்லோர் தோளிலும் ஒரு பை. சிவசக்தி வேலை செய்கிற இடத்துக்கு நடந்தே போனேன். அவளுடைய தொலைபேசியிலிருந்து உங்களுக்கு ஏழு தடவை எடுத்தோம். தெரியாத இலக்கத்தை எடுப்பதில்லை என்பது உங்களுடைய இன்னொரு சட்டம். "உடன பொலிசுக்குப் போவம் வா" என்று சிவசக்தி நிற்கிறாள். அண்ணை வேண்டாம் என்றவர், அவரைக் கேட்காமல் போகமாட்டேன் என்று இருக்கிறேன்.

நீங்கள் எனக்கு அழைப்பு எடுத்தபோது கடவுச்சீட்டின் நகலும் பிறப்புப் பத்திர நகலும் உங்களுக்கு அனுப்பினேன். உங்கள் நீலக் கோப்பில் இருக்கும். நாளைக் காலையிலேயே அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே வாருங்கள். கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம். விமானத்துக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது.

பிளோறன்ஸ்


பீலெஃபெல்ட்
14 யூன் 2025, சனி

பிளோறன்ஸ்,

உன் கடிதத்தை ஐந்து தடவை வாசித்தேன்.

தொண்ணூறுகளில் ஆறு வருடம் நான் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தது உனக்குத் தெரியும். கடவுச்சீட்டு தொலைந்த கதைகள் எத்தனையோ என் வாய் வழியாகத்தான் ஜேர்மன் மொழிக்குப் போயின. கடலில் விழுந்தது, ஏஜென்ட் பறித்தது, பஸ்ஸில் மறந்தது. கெட்டிக்காரர் சொல்கிற கதையில் ஒரு கோயில் இருக்கும். கூடவே, கேட்கிறவனை நம்ப வைப்பதற்காகச் சேர்த்த, தேவையில்லாத ஒரு சின்ன விவரமும் இருக்கும். உன் கதையில் அது செருப்பு.

நான் கழுத்தில் மாட்டிய பையை ஏன் கழற்றினாய்? அறிக்கையை வைக்க நேர்ந்தவள் பையை ஏன் வைத்தாய்? மூன்று பரலோக மந்திரம் சொல்ல ஒரு நிமிடம் போதும், அந்த ஒரு நிமிடத்தில் காலடிச் சத்தம்கூட உனக்குக் கேட்கவில்லையா? நான் சொன்னதால் பொலிசுக்குப் போகவில்லை என்கிறாய். நான் சொன்னவற்றில் வேறு எதை நீ கேட்டாய்?

நீ அப்போது பதின்மூன்று வயதுப் பிள்ளை, உனக்கு இது தெரியாது. 1986 பெப்ரவரியில் கிழக்குப் பேர்லினுக்கு வந்த விமானத்தின் கழிப்பறையில் என் கடவுச்சீட்டைக் கிழித்துத் தண்ணீரில் விட்டேன். கேட்டபோது தொலைந்துவிட்டது என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒருவன் சொல்லித்தந்தான். உனக்கு யார் சொல்லித்தந்தது, சிவசக்தியா?

எனக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. உனக்கு என்ன குறை? இந்த நாட்டிலேயே நிற்க ஆசை இருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம், நான் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். கடதாசியில் என் பெயர் இருக்கிறது. அந்த முதல் பொய்யைத் தவிர, இத்தனை வருடத்தில் இந்த நாட்டுக் கடதாசி ஒன்றிலும் நான் பொய் எழுதவில்லை. நீ அதைக் கெடுக்கப் பார்க்கிறாய்.

உண்மையை எழுது. அதுவரை நகல் அனுப்பமாட்டேன்.

கிறிஸ்தோப்பர்


ஹம்பேர்க்
15 யூன் 2025, ஞாயிறு

அண்ணை,

உங்கள் கேள்விகளுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நான் விசாரணைக்கு வரவில்லை.

எனக்கு மன்னாரில் வீடு இருக்கிறது, இன்னும் மூன்று வருட வேலை இருக்கிறது, வயிற்றில் பிள்ளையோடு ஒரு மகள் இருக்கிறாள். அதையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் யன்னல் சீலைக்குப் பின்னால் நிற்க ஆசைப்பட்டுப் பொய் சொல்கிறேன் என்று எழுதுகிறீர்கள். வாசித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது.

அம்மாவின் செத்தவீட்டுக்கு நீங்கள் வரவில்லை. கையில் ஜேர்மன் கடவுச்சீட்டு இருந்தது, சண்டை முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. "வந்தால் பிடிப்பாங்கள்" என்று சொன்னீர்கள். பெட்டியை மூட விடாமல் உங்களுக்காக ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தோம். ஊர் என்னென்னவோ பேசியது. நான் ஒருவரையும் பேச விடவில்லை. என் அண்ணைக்குப் பயம், அவ்வளவுதான் என்றேன். அந்தப் பயத்துக்கு நான் உங்களிடம் ஆதாரம் கேட்கவில்லை, காலடிச் சத்தம் கேட்டதா என்றும் கேட்கவில்லை.

நேற்றுப் பின்னேரம், உங்கள் கடிதத்தை வாசித்த கையோடு பொலிசிடம் போனேன். உள்ளே இருந்த பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். கதிரை தந்தாள், தண்ணீர் தந்தாள். நான் சொல்லச் சொல்லச் சிவசக்தி மொழிபெயர்த்தாள். எழுதி, முத்திரை குத்தி, ஒரு கடதாசி தந்தாள். இப்படிக் கோயிலுக்குள்ளும் நடக்கிறது என்று சொன்னாள். செருப்பைக் குறித்து அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. முன்பின் தெரியாதவள் என்னை நம்பினாள்.

ஏன் உடனே வரவில்லை, ஒரு நாள் வீணாகப் போய்விட்டதே என்று கேட்டாள். "அண்ணை போக வேண்டாமெண்டவர்" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பேர்லினுக்கு, நம் தூதரகத்துக்குப் போகிறோம். தற்காலிகப் பயணப் பத்திரம் கேட்க வேண்டும். நகல் இல்லாவிட்டால் நான்தான் பிளோறன்ஸ் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. எல்லாக் கடதாசியும் ஒரே பையில் இருக்க வேண்டும் என்றீர்களே, அப்படியே எல்லாம் ஒன்றாகப் போய்விட்டது. அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம்.

பிளோறன்ஸ்


பீலெஃபெல்ட்
16 யூன் 2025, திங்கள்

பிளோறன்ஸ்,

கடவுச்சீட்டு, பிறப்புப் பத்திரம், நீ வந்த அன்று நான் எடுத்து வைத்த விசாப் பக்கம், மூன்றின் நகலும் இத்துடன் இருக்கின்றன. தெளிவாக இருக்கின்றன.

1985இல் மன்னார்ப் பொலிஸ் நிலையத்தில் என்னைப் பதினொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அவர்களும் முதலில் கதிரையும் தண்ணீரும்தான் தந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் அம்மாவுக்கும் சொல்லவில்லை, வெரோனிக்காவுக்கும் சொல்லவில்லை. அதனால்தான் உன்னைப் போகாதே என்றேன்.

வேறு எழுத ஏலாமல் இருக்கிறது.

அண்ணன்


பீலெஃபெல்ட்
17 யூன் 2025, செவ்வாய்

அன்பின் தங்கச்சிக்கு,

இன்று நான் வேலைக்குப் போகவில்லை. காலையில் கடிதப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து கதிரையில் இருந்தவன், கனநேரம் எழும்பவில்லை. பேர்லினில் என்ன சொன்னார்கள் என்று எழுது. ஆனால் அவசரப்பட்டு ஓடித் திரியாதே, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

நான் யோசித்துப் பார்த்தேன். கவிசாவோடு அவள் புருசன் சதீசன் இருக்கிறான். பொறுமையான பிள்ளை. ஆஸ்பத்திரி முழுக்க உன்னோடு வேலை செய்த தாதிமார். நீ கதவுக்கு வெளியில் நின்றாலும் நிற்காவிட்டாலும் வைத்தியர் செய்வதைத்தான் செய்வார். பை தொலைந்தது உன் பிழை இல்லை என்பதற்குப் பொலிஸ் கடதாசி இருக்கிறது. அதைக் காட்டி விசாவை ஒரு மாதம் நீட்டித் தரக் கேட்கலாம். அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதுவதில் எனக்கு இருக்கிற அனுபவம் இந்த ஊரில் ஒருவருக்கும் இல்லை, கூச்சப்படாமல் சொல்கிறேன்.

நீ படுத்த அறையிலிருந்து என் தட்டச்சு மேசையை வெளியே எடுத்துவிட்டேன். யன்னல் பக்கம் இப்போது ஒரு கதிரை போடலாம். சீலையைக் கழற்றித் தோய்க்கப் போட்டிருக்கிறேன். நீ போன அன்று வைத்த மீன் சொதியின் வாசம் குசினியில் கொஞ்சம் இருந்தது. வெரோனிக்கா யன்னலைத் திறக்கப் போனாள், பிறகு திறக்கலாம் என்று சொன்னேன்.

சனிக்கிழமை எழுதிய கடிதத்தை அழித்துவிடு.

அண்ணன்
கிறிஸ்தோப்பர்


ஹம்பேர்க்
18 யூன் 2025, புதன்

அன்பின் அண்ணைக்கு,

திங்கள் இரவு சிவசக்தி நகல்களை மட்டும் அச்சடித்து எடுத்தாள். உங்கள் இரண்டு கடிதங்களையும் நேற்றுப் பேர்லினிலிருந்து திரும்பும் ரயிலில் சிவசக்தியின் தொலைபேசியில் வாசித்தேன். பதினொரு நாளைப் பற்றி எழுதியதை ஒரு தரம்தான் வாசிக்க முடிந்தது. அது தெரிந்திருந்தால் உங்கள் வீட்டு மேசையில் வைத்து அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கமாட்டேன். திருப்பி எடுக்கமாட்டேன் என்று எழுதினேன். எடுத்துவிட்டேன் அண்ணை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நகல்கள் இல்லாவிட்டால் பேர்லினில் என்னை உள்ளேயே எடுத்திருக்கமாட்டார்கள். அதற்கு நன்றி. ஆனால் காரியம் முடியவில்லை. கொழும்பிலிருந்து உறுதிப்படுத்தி வர ஒரு கிழமையோ பத்து நாளோ ஆகுமாம். அவர்களில் குறை சொல்ல முடியாது, அங்கிருந்த பிள்ளை தன்னால் ஆனதைச் செய்தாள். நான் கணக்குப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் 26 தவறுகிறது.

நேற்றுக் கவிசாவிடம் சொன்னேன். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "பரவாயில்லை அம்மா" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். போன தடவை பிள்ளை போன அன்றும் இப்படித்தான் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் ஒருவரோடும் பேசாமல் இருந்தாள். எனக்கு அந்தப் பரவாயில்லை வேண்டாம்.

நீட்டுகிற பேச்சை எடுக்காதீர்கள். சனிக்கிழமை நான் நிற்கப் பார்க்கிறேன் என்று குற்றம் சொன்னீர்கள். செவ்வாய்க்கிழமை நிற்கச் சொல்லிக் கதிரை போடுகிறீர்கள். உங்களுக்கு என்ன நடந்தது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யோசிக்கவும் பெலம் இல்லை. இப்போது எனக்கு உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

தங்கச்சி
பிளோறன்ஸ்


ரயிலில், ஹம்பேர்க் போகும் வழியில்
19 யூன் 2025, வியாழன்

பிளோறன்ஸ்,

இதைக் கையால் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது, குறை நினைக்காதே. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலாது. அதனால் இதையும், இதோடு இருக்கிற உறையையும் சிவசக்தியின் கையில் கொடுப்பேன்.

உறைக்குள் உன் பை இருக்கிறது. கடவுச்சீட்டு இருக்கிறது. காசும் தொலைபேசியும்தான் இல்லை.

கோயில் மதிலுக்குப் பின்னால் பூச்செடிக்குள் கிடந்ததாம். என் பொறுப்புக் கடிதத்தில் விலாசத்தைப் பார்த்துவிட்டுக் கோயில் அலுவலகத்தில் இருக்கிற அம்மா ஒருவர் எனக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. நீ அந்நேரம் பேர்லினில் வரிசையில் நின்றாய்.

ஓம், செவ்வாய்க்கிழமை. இன்று வியாழன்.

உறையைத் திறந்து கடவுச்சீட்டைக் கண்டவுடன் அப்பாடா என்று இருந்தது. அடுத்த மூச்சில், இவள் ஞாயிற்றுக்கிழமை போய்விடுவாள் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு எழும்பிப் போய் உறையை மாத இதழின் பழைய பிரதிகளுக்கு அடியில் வைத்தேன். பிறகு இருந்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். மேசையை நகர்த்தியதும் சீலையைக் கழற்றியதும் உண்மை. மற்றதெல்லாம் ஒரு வஞ்சகனின் எழுத்து.

சனிக்கிழமை உன்னைப் பொய்க்காரி என்று எழுதியபோது எனக்குக் கோபம்தான். ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு சந்தோசம் கிடந்தது, அதை இப்போதுதான் கண்டுபிடித்தேன். நீ சொல்வது பொய்யாக இருக்க வேண்டும், நீ நிற்கப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இத்தனை வருடத்தில் என் வீட்டில் வந்து படுத்து எழும்பிய முதல் சொந்தம் நீ. நீ வந்து சண்டை பிடித்த பத்து நாளும் எனக்கு நல்ல நாள். நீ போன பிறகு வீடு கேட்க ஆளில்லாத வானொலி போல இருந்தது.

நேற்று நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய், நன்றியும் சொன்னாய். அதற்குப் பிறகு உறை வீட்டுக்குள் இருக்க ஏலாமல் போய்விட்டது. வெரோனிக்காவிடம் சொன்னேன். அவள் என் சப்பாத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

கள்ளன் உன் கடவுச்சீட்டை ஒரு நாள் வைத்திருந்திருப்பான். நான் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

இதைப் பிற்பாடு எழுதுகிறேன், ஹம்பேர்க் நிலையத்து வாங்கில் குந்திக்கொண்டு. இறங்கியவுடன் இரண்டு பொலிஸ்காரர் பையைச் சோதிக்க என்னை மறித்தார்கள். வெளிநாட்டுப் பெண்ணொருத்தியின் கடவுச்சீட்டு என் பையில் ஏன் இருக்கிறது என்று கேட்டார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவன் நான். இன்று கேட்காததையும் சொன்னேன். பை தொலைந்ததிலிருந்து நான் ஒளித்து வைத்தது வரை, ஒன்றும் விடவில்லை. பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து நீ கொடுத்த முறைப்பாட்டைச் சரிபார்த்து, கடவுச்சீட்டு கிடைத்துவிட்டது என்று பதிய வைத்தார்கள். வயது கூடியவர் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்து, அப்படியென்றால் இங்கே நிற்காமல் போய் அவளிடம் கொடுங்கள் என்றார்.

கொடுத்துவிட்டுக் கீழே தெருவில் நிற்பேன். வர விருப்பம் இல்லாவிட்டால் வராதே. ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்குப் போய்விடு. என்னை மன்னிப்பாயா என்று மட்டும் எழுதிவிடு.

அண்ணன்


மன்னார்
28 யூன் 2025, சனி

அன்பின் அண்ணைக்கு,

கவிசாவுக்கு மகள் பிறந்திருக்கிறாள். இரண்டு கிலோ தொள்ளாயிரம், நல்ல குரல். ஒப்பரேஷன் அறைக் கதவுக்கு வெளியில் நான் நின்றேன். நிற்கிறேனா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். தாயும் பிள்ளையும் சுகம்.

ஹம்பேர்க்கில் உங்களை ஒன்றரை மணி நேரம் மழையில் நிறுத்தி வைத்தேன். கடிதம் வாசிக்க அவ்வளவு நேரம் எடுக்கவில்லை, பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரம் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடை கொண்டுவரவில்லை. ஒரு கடை வாசலில்கூட ஒதுங்கவில்லை. பிறகு சிவசக்திதான் உங்களை மேலே கூட்டிவந்தாள். அங்கே நின்ற மூன்று நாளும், விமான நிலையம் வரைக்கும், நான் உங்களோடு பேசவில்லை. பேசியிருந்தால் கத்தியிருப்பேன். நீங்கள் கற்றுத்தந்ததுதான்.

கோபம் இன்னும் இருக்கிறது அண்ணை. பேர்லினிலிருந்து நான் அழுதுகொண்டு வந்தபோது கடவுச்சீட்டு உங்கள் வீட்டில் இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டுகிறபோது மறந்துவிடுகிறேன். பிறகு திரும்பவும் நினைவு வருகிறது.

மண்ணிறப் பையை அலசிக் காயப் போட்டிருக்கிறேன். ஸ்கான் அறிக்கையில் ஒட்டியிருந்த ஹம்பேர்க் மண்ணைத் தட்டாமல் அப்படியே கொண்டுபோய் இங்கே அந்தோனியார் காலடியில் வைத்தேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் மந்திரம் சொன்னேன்.

நீங்கள் எனக்கு எழுதியது போல நானும் எழுதுகிறேன். மன்னாரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. றோட்டில் கழுதைகள் நிற்கும், அவை விலகாது, நாங்கள்தான் விலக வேண்டும். எல்லாக் கடதாசியையும் ஒரே பையில் போடக் கூடாது. சந்தையில் தமிழில் எவ்வளவு சத்தமாகவும் பேசலாம், பேசாவிட்டால் மீன்காரி பழைய மீனைத் தந்துவிடுவாள். பொலிஸ் நிலையம் இருக்கிற தெருவால் போக வேண்டியதில்லை, அம்மாவின் கல்லறைக்குக் கடற்கரைப் பக்கமாகவும் வழி இருக்கிறது. அதுவும் பயம் என்றால் நான் முன்னால் நடப்பேன். உங்களுக்கு இங்கே யார் பொறுப்பு என்று ஆராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன்.

உங்களுக்கு ஒரு அறை ஒதுக்கியிருக்கிறேன். யன்னலுக்குச் சீலை போடவில்லை.

மன்னிப்பாயா என்று மட்டும் எழுதிவிடு என்று கேட்டீர்கள். எழுதமாட்டேன். வாங்கோ அண்ணை. வந்து கேளுங்கோ.

தங்கச்சி
பிளோறன்ஸ்